இறந்தார் பெயரில் நிற்கும் பணம்

பிதாமாதாக்கள் தேகவியோகமானபின் பிள்ளைகள் செய்யற்பாலனவாகிய கடன்கள் பலவுள. நீராட்டல், சுண்ணமிடித்தல், தகனம், காடாற்றல், எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, மாசிகம், ஆட்டைத் திவசம் என இவை முறையே வரும். ஒவ்வொன்றுக்கும் நாளுண்டு, மந்திரமுண்டு, பிழை நேரின் திருத்துதற்குக் குருக்களாவது ஊர்ப்பெரியாராவது அருகிலிருப்பர். ஆயின், இக்காலத்திலே நம்மவர் இல்லங்களிற் பெரும்பாலனவற்றில் இன்னுமொரு கடன் உண்டு. அதற்கு நாள் பார்ப்பாரில்லை. அதனை நடத்துவிக்கக் குருக்களுமில்லை. அது யாதெனின், இறந்தவர் பெயரிலே அரசாங்கத்தாற் கொடுக்கப்பட்டு நிற்கும் பணத்தின் கணக்கைத் தீர்த்தலாம். இது கந்தோர்க் காரியமன்றோ, இதிலே தருமவிசாரணைக்கு இடம் யாது என வினவுவார் உளராகலாம். நாமும் சில ஆண்டுகளுக்கு முன் அங்ஙனமே எண்ணியிருந்தோம்.

இளைப்பாறிய உபாத்தியாயர் ஒருவர்க்கு மாதந்தோறும் வரும் இளைப்பாற்றுச் சம்பளம், நம்மூரார் பென்சன் என்று வழங்குவது, எத்தன்மைத்து என்பதை முன்னர் அறிதல் வேண்டும். அது சேமித்து வைத்த வைப்புப்பணமன்று. அரசாங்கம் தன் திரட்டு நிதியிலிருந்து, உழைத்து ஓய்ந்த ஒருவர் உயிரோடிருக்கும் நாட்களுக்கென்று கொடுப்பது. ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்றிதழிலே கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் பெற்றுக் கொடுக்கும்படி கேட்பதும் இதனாலேயே. முதியவர் பலர் அப்பத்திரத்தைக் கண்டு நகைப்பர். "நான் இருக்கிறேன் என்பதற்கு விதானையார் சாட்சி" என்று எமது பிதா ஆண்டுதோறும் தவறாது சொல்லுவார். நகைப்புக்கிடமான அப்பத்திரத்திலேயே முழு விஷயமும் அடங்கியிருக்கின்றது. மூச்சு நின்ற நாளோடு அச்சம்பளமும் நிற்கும். அதன்பின் மனைவிக்கும், இளங்குழந்தைகளுக்கும், அங்கவீனமான பிள்ளைகளுக்கும் வேறொரு வழியுண்டு. அது 1898ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலே தோன்றிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமாம். உத்தியோகத்தரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடித்து வைத்த பணத்தைக் காரணமாகக் கொண்டது. உத்தியோகம் பார்த்த மனைவியை இழந்த கணவனுக்கும் அவ்வுரிமை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. வளர்ந்து உழைக்கும் பிள்ளைகளுக்கு அதிலே பங்கில்லை. அவர்கள் கேட்கக்கூடியது, இறந்தவர் இருந்த நாட்களுக்குரியதாய்க் கொடுபடாது நின்ற பணத்தை மாத்திரமே.

ஆகவே பெற்றார் இறந்த இல்லத்திலே இருவகைப் பணம் தோன்றும். ஒன்று, அவர்க்கு வரவேண்டியிருந்து வராத பணம். மற்றொன்று, அவர்க்கு வரவேண்டாதிருந்தும் வந்துவிட்ட பணம். முன்னையது கேட்கப்படவேண்டியது; பின்னையது திருப்பப்படவேண்டியது. இதனை விளங்கிக்கொள்ளப் பெரும்புலமை வேண்டியதில்லை. வருத்தம் யாதெனின், வங்கிக் கணக்கிலே இவ்விரண்டும் ஒரே இலக்கமாய்ச் சேர்ந்து நிற்கும். எந்த ரூபா ஐயாவினது, எந்த ரூபா ஐயாவினதன்று என்பதற்கு அடையாளம் யாதுமில்லை. பிரிக்குங் கோடு இறந்த நாள் ஒன்றே. அந்நாளை முதலில் அறிபவர் வீட்டார். அரசாங்கம் பின்னரே அறியும். இந்த இடைவெளியிலேதான் மனிதன் தன்னைத்தான் அறிந்துகொள்கின்றான்.

எமது குற்றத்தை இங்கே மறையாது சொல்லுவோம். எமது பிதா 1960ஆம் ஆண்டை அடுத்துச் சைவப் பாடசாலையொன்றிலே உபாத்தியாயராயமர்ந்தவர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும், அதனைத் தொடர்ந்த 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது, அவரும் அவற்றோடு வந்தவர். இளைப்பாறியபின் இருபத்துநான்கு ஆண்டுகள் சீவித்தார். எம் அன்னையார் முன்னரே சிவபதமடைந்தமையால், கடைசிப் பதினோராண்டுகளும் அவரைப் பார்த்தவள் மணஞ் செய்யாதிருந்த எமது தங்கை. அவ்வீட்டு உலை கொதித்தது அப்பென்சனால். தம்பி தொரன்றோவிலே இருக்கின்றான். நாம் வேறூரிலே பாடசாலையும் குடும்பமுமாயிருந்தோம்.

ஐயா இறந்த மறுநாட் காலையிலே, மரணச் செலவின்பொருட்டு, அவருடைய வங்கி அட்டையை மருமகன் கையிலே கொடுத்து இயந்திரத்திலே பணமெடுப்பித்தோம். அவர் சேமிப்பாய் அங்கே கிடந்த பணமே அது. ஆயினும், உரித்தாளர் எல்லாரும் கூடிக் கேட்டுப் பெறவேண்டியதை இரகசிய இலக்கத்தாற் பெற்றது முறையன்று. அதனையும் மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மரணத்தை ஐந்து நாட்களுக்குள் பதிவுகாரர்க்கு அறிவித்து அத்தாட்சிப் பத்திரமும் பெற்றோம். பிரதேச செயலகத்துக்கு மாத்திரம் அறிவித்தோமில்லை. அலைச்சல், துக்கம், வீட்டிலே விருந்தினர் என்று நாமே நமக்குக் காரணங் கூறிக்கொண்டோம். அடுத்த மாதத்துச் சம்பளம் வழக்கம்போல வந்து கணக்கிலே விழுந்தது. அந்தியேட்டிக்காகக் கீரிமலைக்குச் சென்றோம். காலையிலே குருக்கள் ஐயாவின் பெயரைச் சொல்லும்படி கேட்க, நாம் அப்பெயரைச் சொல்லி, இறந்தவராக அவரை நினைந்து, எள்ளுந் தண்ணீரும் இறைத்துக் கடலாடினோம். மத்தியானம் திரும்பும் வழியிலே, சமையற்காரர்க்குக் கொடுப்பதற்காக, அதே பெயருடைய அட்டையை இயந்திரத்திலே இட்டு அம்மாதப் பணத்தை எடுத்தோம்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. தொகையைக் குறித்து அன்று, அது சிறிது. அட்டையை இட்டு இலக்கத்தை அழுத்துதல் என்றால் யாது? "இன்னார் ஆகிய நான் கேட்கிறேன், தருக" என்று சொல்லுதல். கையொப்பமிடுதலுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. காலையிலே "ஐயா இல்லை" என்று நீரிலே நின்று சொன்னோம். மத்தியானத்திலே "ஐயா இருக்கின்றார்" என்று தெருவிலே நின்று சொன்னோம். அதுவும் நம் வாயாற் சொல்லவில்லை. அவர் வாயைக்கொண்டு சொல்வித்தோம். நாற்பது வருடகாலம் பிள்ளைகள் முன் நின்று பொய் பேசாதே என்று படிப்பித்த ஒருவர், தம் 31ஆம் நாளிலே, தம் மகன் கையினாலே ஒரு பொய் சொன்னார். களவைக் காட்டிலும் இதுவே எம்மை உறுத்தியது. களவு போன பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இறந்தவர் பெயரிலே சொல்லப்பட்ட பொய்யை அவர் வந்து மறுப்பதற்கில்லை.

மறுநாள் தங்கையிடம் இதனைக் கூறினோம். அவள் வெகுநேரம் பேசாதிருந்து, "அண்ணை, ஐயா போன நாளே காசும் போச்சு எண்டுதான் நான் நினைச்சிருந்தன். நீங்கள் எடுக்கிறதைப் பாத்து, எடுக்கலாமாக்கும் எண்டிருந்தன்" என்றாள். கையிலே காசில்லாத அவளுக்குத் தோன்றிய எல்லை, மாதச் சம்பளம் வாங்கும் எமக்குத் தோன்றவில்லை. இது நிற்க.

இறந்த நாளை எல்லையாக இடுவது இயற்கையா, மனிதர் செய்துகொண்ட ஏற்பாடா என்பதும் சிந்திக்கத்தக்கது. நம் பிள்ளைகள் பரந்துபோயிருக்கும் தேசங்களை நோக்குவோமாயின், எல்லை ஒவ்வோரிடத்து ஒவ்வொரு விதமாய் இடப்பட்டிருக்கின்றது. கனடாவிலே 65 வயதும் குறைந்தது பத்தாண்டு வாசமும் உடைய முதியோர்க்குக் கொடுபடும் முதியோர் ஓய்வூதியம், இறந்த மாதம் முழுவதற்கும் இறந்தவர்க்குரியதே. மாதத்தின் முதனாளிலே இறந்தாலும் அம்மாதத்துப் பணத்தை அவருடைய உரித்தாளர் வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதத்தது வந்தாற் திருப்பவேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ இதற்கு மறுதலை. அங்குள்ள சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் இறந்த மாதத்துக்குக் கொடுபடுவதேயில்லை. மாதத்தின் முப்பதாம் நாள் வரை ஒருவர் சீவித்து, அம்மாதம் முடியுமுன் இறந்தாலும், அம்மாதத்துக்கென ஒரு சதமும் அவரைச் சேராது. முன்மாதத்துப் பணம் பின்மாதத்திலே வருவதாதலின், இறந்தபின் வரும் பணத்திலே எது உரியது எது உரியதன்று என்று அங்குள்ளோர் திகைப்பதுமுண்டு. இந்திய மத்திய அரசாங்கத்து விதியிலே, இறந்த நாள் எந்நேரத்தில் இறந்தாராயினும் அவருடையதாகவே எண்ணப்படும். இவற்றுள் எது நீதி? கனடா தாராளமுடையது, அமெரிக்கா இறுகப் பிடிப்பது என்று சொல்லத் தோன்றும். நாம் அங்ஙனங் கருதவில்லை. வயலுக்கு வரம்பு எவ்விடத்தே இடுவது என்பது ஊரார் கூடிச் செய்துகொள்ளும் ஏற்பாடு. இட்ட வரம்பை இரவிலே வெட்டித் தள்ளுவது வேறு. கோடு மனிதர் கீறியது என்பதனால், அதனைத் தாண்டுவதும் மனிதர் இஷ்டம் என்றாகாது.

இனி, இப்பணத்தை எடுத்துக்கொள்வதற்குப் படித்தவர்கள் கூறும் சமாதானங்களை ஆராய்வாம். அவற்றுள் வலியது ஒன்றுண்டு. "அரசாங்கம் எமது தகப்பனாருக்குச் செய்தது யாது? 1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமத்திலிருந்து ஒரு பொட்டணியோடு அவரை நடக்கவைத்தது. 2022ஆம் ஆண்டிலே நாட்டுக் கடனைக் கொடுக்கமாட்டாது கைவிரித்து, டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயத்தை 360 ரூபா வரையில் வீழவிட்டு, அவருடைய பென்சனின் பெறுமதியைக் கரைத்தது. இவ்வளவு எடுத்த அரசாங்கத்திடம் ஒருமாதப் பணத்தை யாம் வைத்துக்கொண்டால் என்ன?" எமது தம்பி தொலைபேசியிலே ஏறக்குறைய இதனையே சொன்னான். சொன்னவற்றிலே ஒன்றும் பொய்யன்று. அப்பொட்டணியை நாமறிவோம்.

ஆயினும் இந்நியாயம் ஓரிடத்திலே வழுவுகின்றது. வழக்கிருப்பின் வழக்காகச் சொல்லவேண்டும்; எதிரி அறியாமல், அவனுடைய கவனக்குறைவைக்கொண்டு ஈடுசெய்துகொள்வது வழக்குத் தீர்ப்பன்று. அன்றியும், அரசாங்கம் என்று ஒருவர் எங்கேயும் இருந்து பணத்தைத் தம் மடியிலிருந்து எடுத்துத் தருவாரல்லர். திரட்டு நிதி எவ்வாறு திரளுகின்றது? கூலிக்குச் செல்பவள் கடையிலே வாங்கும் சவர்க்காரக் கட்டியின் விலைக்குள்ளே வரி இருக்கின்றது; பெறுமதி சேர்ந்த அவ்வரி 2024ஆம் ஆண்டு தை மாதந்தொட்டு நூற்றுக்கு 18 ஆகியது. நம் தகப்பனாரை நடக்கவைத்தவர்களும் நாணயத்தை வீழவிட்டவர்களும் நாம் எடுத்த ஒருமாதப் பணத்தால் ஒன்றும் இழக்கமாட்டார்கள். இழப்பவள் அவள்.

மற்றொரு சமாதானம் நம்மவர்க்கே சிறப்பாயுரியது. "நாம் உண்ணவில்லை, அந்தியேட்டி அன்னதானத்துக்குக் கொடுத்தோம், கோயிற்றிருப்பணிக்குக் கொடுத்தோம்" என்பது. எமக்கும் அன்று உதவியது இதுவே, சமையற்காரர் கூலியாக. அற்றேல் பிறர் பொருளைக்கொண்டு செய்த அன்னதானம் யாருடைய தருமம் என்று கேட்கின்றோம். பொருளுடையவன் அறியாது எடுத்ததனாற் தருமம் அவனுக்குமன்று; பொருள் தனதன்மையால் எடுத்தவனுக்குமன்று. இறந்தவரைச் சேரும் என்பாரெனின், அவர் தேடாத ஒன்றை அவர் பெயராற் பறித்து அவருக்கே படைத்தவாறாம். நாம் இளமையிலே மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே வேதபாட வகுப்பிலே, அரசன் முகம் பொறித்த நாணயத்தைக் காட்டி அது யாருக்குரியது என்று வினாவிய கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கின்றோம். அவ்வகுப்பிலிருந்து நாம் வெளியே கொண்டுவந்தவை மிகச் சில; அவ்வினா அவற்றுள் ஒன்று. கோயிலுக்குக் கொடுக்குமுன்னும் அவ்வினாவுக்கு விடை சொல்லவேண்டியிருக்கின்றது.

எல்லார் குற்றமும் ஒரே நிறையுடையதென்று நாம் கூறவில்லை. எழுபது வயது கடந்த வறியவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு வருகின்றது. ஓலைக்குடிசையிலே தாயை இழந்த ஒருத்தி, அடுத்த மாதக் கொடுப்பனவை எடுத்துப் பெட்டிக்காரன் கடனைக் கொடுப்பாளாயின், சட்டப்படி அவளும் நாமும் ஒன்றே. ஆயின் அவளிடஞ் சென்று தருமம் பேச எமக்கு நாவெழாது. அவளுக்கு அக்கடனைத் தீர்க்க அயலார் முன்வரவில்லை என்பதே முதற் குற்றம். சம்பளக்காரரும் வெளிநாட்டுக் காசுள்ளவரும் அவளை முன்னே நிறுத்தி அவள் பின்னே ஒளிந்துகொள்ளுதல் தகாது.

இதுகாறும் திருப்பவேண்டியதைப் பேசினோம். கேட்கவேண்டியதைக் கேளாதிருத்தலும் ஒரு பிழையென்று சொன்னால் வியப்பாயிருக்கும். நம் உபாத்தியாயர்களிடையே ஒரு போலிக் கௌரவம் உண்டு. "அப்பர் போய்விட்டார்; அவருடைய சில்லறைக்காகக் கந்தோர் வாசலில் நிற்பதா?" என்பர். ஐயாவுக்குச் சேரவேண்டிய சிறு நிலுவையொன்று கொடுபடாமலிருந்ததை, பணத்தைத் திருப்பச் சென்ற இடத்திலேயே அறிந்தோம். அங்கிருந்த இளம் எழுதுவினைஞர், எம்மிடம் படித்த பிள்ளையல்லர் ஆயினும் மிக மரியாதையோடு, "சேர், இதுக்கும் ஒரு விண்ணப்பம் குடுங்கோ" என்றார். நாம் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தோம். அப்பொழுதுதான் தெரிந்தது, திருப்புவதில் நாம் கொண்ட உற்சாகத்திலே தருமம் பாதி, பெருமை பாதி என்று. அப்பணம் யாருடையது? ஐயாவின் வெயில் நடையும் தொண்டைக் கரகரப்புமாகிய உழைப்பினது. அதனை விட்டுவிட எமக்கு அதிகாரம் யார் தந்தார்? இறந்தவர் கடன்பட்டிருந்தாற் தீர்ப்பது பிள்ளை கடன் என்கின்றோம். அவருக்குப் பிறர் கடன்பட்டிருந்தாற் பெற்று முடிப்பதும் அதே கடனன்றோ? கணக்கு இருபக்கமும் தீர்ந்தாலன்றி முடிந்ததாகாது. நம்முடைய தாராளத்தை நம்முடைய பணத்திலே காட்டுவோம்.

கேட்டபின் யாருக்கு என்பது அடுத்த சிக்கல். ஒல்லாந்தர் காலத்திலே, 1707ஆம் ஆண்டிலே, எழுதிவைக்கப்பட்ட நம் தேசவழமை, பொருளை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வகுத்தது. பென்சன் நிலுவையை அம்மூன்றுள் எதிலே வைப்பதென்பதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். பேச்சுவழக்கிலே அது தேட்டத்தின் கடைசித் துளி. பிள்ளைகளுக்குச் சமபங்கு என்பது பொதுநீதி. ஆயின் பதினோராண்டு படுக்கை மாற்றிய கையும், ஆண்டுக்கொருமுறை வந்து காலில் விழுந்த கையும் சமமா? சட்டம் இதனை அளக்கமாட்டாது. அளக்கத் தொடங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு எழும். ஆகவே சட்டம் சமமாக ஈந்தது நன்றே. சமமாக வந்ததை ஒருவர்க்கு விட்டுக்கொடுப்பது சகோதரர் கையிலே இருக்கின்றது. ஐயாவின் மூச்சோடு அவள் வீட்டு உலையும் அவிந்தது என்பதை மறந்து, "தங்கைக்கும் பங்குண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்த எமது நீதியுணர்ச்சியை இப்பொழுது நினைக்க வெட்கமாயிருக்கின்றது. தம்பிக்குப் பணத்தைத் திருப்புவதிலே உடன்பாடில்லாதிருந்தும், இதிலே அவன் முந்திக்கொண்டான். தன் பங்கு வேண்டாமென்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினான். ஒருவன் ஒரு விஷயத்திலே பிழையாய்ச் சிந்திப்பதனால் எல்லாவற்றிலும் பிழையாய் நடப்பானென்று கொள்ளற்க.

உபாத்தியாயர்களுக்கு இங்கே தனியே ஒன்று சொல்லவேண்டும். நம்மிற் பலர் சமாதான நீதவான்களாயிருக்கின்றோம். இறந்தவர் பணத்தைக் கேட்பவர்கள் உரித்தாளர் இன்னார் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு நம்மிடம் வருவார்கள். பெரும்பாலும் பழைய மாணாக்கர். "சேர், ஒரு சைன் மட்டும்" என்பார்கள். ஒருமுறை அவ்வாறு வந்த ஒருவன் தானே ஏகபுத்திரன் என்று எழுதியிருந்தான். அவனுடைய தமக்கையை நாம் அறிவோம். ஆறாம் வகுப்பிலே முன்வாங்கிலே இருந்தவள். சாதி மாறி மணஞ்செய்து போனமையால் வீட்டார் அவள் பெயரைச் சொல்வதில்லை. "அக்கா எங்கே?" என்று கேட்டோம். "அவ எங்களுக்குச் செத்தமாதிரி சேர்" என்றான். பணத்தை எடுப்பதற்காக இறந்தவரை உயிரோடிருப்பவராக்கினோம் நாம். அவன் அதே காரணத்துக்காக உயிரோடிருப்பவளை இறந்தவளாக்கினான். கையொப்பமிட மறுத்தோம். அவன் வேறோரிடஞ் சென்று பெற்றுக்கொண்டான் என்று பின்னர் கேள்வியுற்றோம். மறுத்ததனால் அவளுக்கு யாதும் கிடைத்ததில்லை. இருந்தும், அம்மறுப்பைப் பற்றி எமக்கு வருத்தமில்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுதி அறிவியாது விட்டதைப் பற்றியே வருத்தம்.

இனிச் சொல்லப்போவது கடினமானது. நம் தேசத்திலே, இறந்த நாள் என்னும் கோட்டையே கீறமுடியாத இல்லங்கள் எண்ணிலவாயுள. கொண்டுசெல்லப்பட்ட தகப்பன், 2009ஆம் ஆண்டு வைகாசியிலே கையளிக்கப்பட்டு மீளாத தகப்பன், இவர்களுடைய பிள்ளைகள் சம்பள நிலுவையையோ வங்கியிலுள்ள பணத்தையோ கேட்கச் சென்றால், மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவா என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனாரை இறந்தோராய்ப் பதிவுசெய்ய வழி செய்தது. அதனைத் திருத்திய 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமே, இறந்தாரென்று சொல்லாது, காணக்கிடைக்கவில்லை என்று மாத்திரம் சான்றுரைக்கும் பத்திரத்தைத் தந்தது. 2022ஆம் ஆண்டு பங்குனியிலே அத்தகைய குடும்பங்களுக்கு ஓரிலட்சம் ரூபா ஒருமுறை கொடுப்பதென்று அமைச்சரவை தீர்மானித்தபோது, தாய்மார் பலர் அதனை வேண்டாமென்று தெருவிலே நின்று சொன்னார்கள்.

முன்னர்க் கேளாதிருத்தல் பிழை என்றோம். இங்கே கேளாதிருப்போரைப் பிழையென்போமா? சொல்லமாட்டோம். ஐயாவின் நிலுவையை வேண்டாமென்ற எமது வாயிலே இருந்தது சோம்பலும் கௌரவமும். அத்தாய்மார் வேண்டாமென்றது, பணத்தோடு வரும் வாக்கியத்தை. அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லிப் பணம் பெறுவதற்கு அவர்கள் உடன்படவில்லை. அதே வேளையில், பிள்ளைகளைப் படிப்பிக்கவேண்டி, இருந்த ஒரே வழியாகிய மரணப் பத்திரத்தைப் பெற்று நிலுவையை எடுத்த தாய்மாரையும் நாமறிவோம். அவர்களுள் ஒருத்தி அப்பத்திரத்தைப் பெற்றபின்னும் பொட்டைத் துடைக்கவில்லை. அவளை நோக்கி, இறந்தாரென்று எழுதி வாங்கிவிட்டுச் சுமங்கலிக்கோலமா என்று ஊரிலே சிலர் கேட்டார்கள். பொய்யை அவள் பேசவில்லை. வேறு வாசல் வையாத சட்டம் அவளைப் பேசவைத்தது. அவளுடைய குழந்தைகள் நம் பாடசாலைகளிலே படிக்கின்றார்கள். வகுப்பிலே தகப்பனார் பெயர், தொழில் எழுதும் படிவங்களை நிரப்புவிக்கும்போது, "இறந்தவர்" என்று நாமாக எழுதிவிடாது, அப்பிள்ளை என்ன எழுத விரும்புகின்றது என்று பொறுத்துக் கேட்பது நம்மாற் செய்யக்கூடியது.

எமது காரியம் எவ்வாறு முடிந்ததெனின், ஐயாவின் மரண அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அட்டை என்பவற்றோடு தங்கையும் நாமுமாகப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். மிகைப்பட வந்த பணத்தை அவர்கள் கணக்கிட்டுச் சொல்ல, எமது சம்பளத்திலிருந்து கட்டிப் பற்றுச்சீட்டுப் பெற்றோம். நிலுவைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். அது வரச் சில மாதங்கள் சென்றன. தங்கை அதனைக்கொண்டு தையல் இயந்திரத்தைப் பழுது பார்ப்பித்தாள். மாதந்தோறும் அவளுக்கு ஒரு தொகை அனுப்புவதென்று தம்பியும் நாமும் பேசிக்கொண்டோம். தம்பி தவறியதில்லை, நாம் இரண்டு மாதம் தவறினோம். வங்கியிலே அட்டையை வாங்கிக் கத்தரித்தார்கள். புத்தகத்தையும் வாங்க எடுத்தபோது, அதன் முதற் பக்கத்திலே ஐயாவின் கையொப்பம் இருப்பதைக் கண்டு, அதனைத் தரமுடியுமா என்று தங்கை கேட்டாள். அங்குள்ளவர் மேலதிகாரியிடம் சென்று கேட்டுவந்து, ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடிட்டு, கணக்கு முடிந்தது என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அதனை அவள் ஐயாவின் மூக்குக்கண்ணாடியோடு ஒரு தகரப்பெட்டியிலே வைத்திருக்கின்றாள்.